வலது மூலையில் குனிந்திருக்கிறவன்

என் பாசத்துக்குரிய தவமணி மச்சாளுக்கு,

நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. வருகிற மாதம் ஆட்டைத் திவசம். மண்டபம் பேசியாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று, நினைவு மலர் அச்சுக்குப் போகவேண்டிய நாளும் கிட்டிவிட்டது. இந்தக் கடிதம் அந்த மலரின் முதல் பக்கத்தில் வரப்போகிறது. ஆகவே நான் உங்களோடு கதைப்பதை நம் சொந்தக்காரர் எல்லோரும் பக்கத்தில் நின்று கேட்கப்போகிறார்கள். கேட்கட்டும். அவர்கள் கேட்கவேண்டுமென்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுப் புதினங்களைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, சுகமாக இருக்கிறார். முழங்கால் நோகுதென்று படியேறும்போதெல்லாம் முனகுகிறார். டொக்டரிடம் போவோம் என்றால் உடனே நோ மாறிவிடுகிறது. உங்கள் மகள் அபிக்கு லொங்குய்யில் வேலை கிடைத்திருக்கிறது. நான் பல் வார்க்கிற லாப்பும் அங்கேதானே, காலையில் இருவரும் ஒரே மெத்ரோவில் ஆற்றைக் கடக்கிறோம். வழி முழுக்கப் போனில் பிரெஞ்சு பொழிகிறாள். இறங்கும்போது மட்டும் "போட்டு வாறன் மாமி" என்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் உங்கள் குரல் அப்படியே இருக்கிறது.

இனி உங்கள் தகடு விஷயம்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், வாசிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இங்கே மொன்ட்ரியால் நூதனசாலையில் அறைக் காவல் வேலை பார்த்தீர்கள். கடைசி ஆறு வருடமும் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் ஒன்பது வெண்கலத் தகடுகள். ஐந்நூறு வருடத்துக்கு முன் இத்தாலியில் வார்த்தவை, ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வாள்பிடியில் பதிக்கவும், மைக்கூட்டுப் பெட்டியில் பொருத்தவும், வசதியானவர்கள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் செய்தவையாம். ஒன்பதிலும் சண்டைதான். குதிரையும் ஈட்டியும் கேடயமும் விழுந்த ஆட்களுமாக நெருக்கி அடித்துக்கொண்டிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் குதிரையின் மூக்குத் துவாரம்கூடத் தெரியும்.

ஏழாவது தகட்டின் வலது மூலையில் விழுந்து கிடக்கிற ஒருவன்மேல் இன்னொருவன் குனிந்திருக்கிறான். கீழே எழுதி வைத்திருந்தது இப்படி: விழுந்தவனைக் குத்திக் கொள்ளையிடும் வீரன். அந்த வரியோடு நீங்கள் ஆறு வருடம் சண்டை பிடித்தீர்கள்.

எனக்கும் சொன்னீர்கள். "சறோ, நீர் ஒருக்கா வந்து பாரும். பல்லு வார்க்கிற உமக்கு இதெல்லாம் விளங்கும். எழுதிப் போட்டிருக்கிறது பிழை." நான் வரவே இல்லை. கிழமை நாளில் வேலை, சனிக்கிழமையில் கறி, ஞாயிற்றுக்கிழமையில் கோயில் என்று நாலு வருடம் சாட்டுச் சொன்னேன். கடைசியில் ஒரு நாள் வந்தேன். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன், அது வேறு.

"பாரும். இவன் குத்தேல்லை, தூக்கிறான்."

"மச்சாள், எழுதினவை படிச்ச ஆக்கள். உங்களுக்கு எல்லாரும் உதவி செய்யிற ஆக்களாத்தான் தெரியும்."

"படிச்சவை எப்பவாவது ஒரு ஆளைத் தூக்கியிருப்பினமே? காலைப் பாரும். குத்திறவன் காலை அகட்டிக்கொண்டு நிப்பான். இவன் ஒரு முழங்காலை நிலத்திலை ஊண்டியிருக்கிறான். பாரமான ஆளைத் தூக்க முதல் அப்பிடித்தான் இருக்கவேணும்."

"அப்ப கையிலை என்ன? கத்திதானே?"

நீங்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். "அதுதான் எனக்கும் விளங்கேல்லை சறோ," என்றீர்கள். நான் சிரித்தேன். வென்றுவிட்டேன் என்ற சிரிப்பு. பிறகு கீழே போய் ஒரு கோப்பி வாங்கித் தந்தீர்கள், நான் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான், மச்சாள், நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை நான் எழுதவேண்டியிருக்கிறது.

ஊரைவிட்டு எல்லோரும் மூட்டை முடிச்சோடு நடந்துகொண்டிருந்த அந்த நாளில் உங்களுக்கு இருபத்துமூன்று வயது. மதகடியில் ஷெல் விழுந்தது. சனம் சிதறி ஓடியது. அடுத்த ஒழுங்கையில் இருந்த பரமேஸ் அக்கா வீதியில் விழுந்து கிடந்தார். நீங்கள் ஓடாமல் திரும்பிப் போனீர்கள். அவரைத் தோளுக்குக் கீழே கமக்கட்டுக்குள் கைகொடுத்து இழுத்து மதகின் கீழே கொண்டுபோனீர்கள். அவர் தப்பவில்லை. அவருடைய ஆட்கள் வந்து பார்த்தபோது கழுத்தில் தாலிக்கொடி இல்லை.

ஓடிக்கொண்டிருந்த யாரோ திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். "தவமணி குனிஞ்சு அவவின்ரை நெஞ்சடியிலை கை வைச்சுக்கொண்டு நிண்டவள்." இந்த ஒரு வரிதான். அது வன்னிக்குப் போனது, கொழும்புக்குப் போனது, விமானம் ஏறி இங்கேயும் வந்தது. நான் அப்போது கொழும்பில் இருந்தேன், எதையும் கண்ணால் காணவில்லை. ஆனால் உங்கள் தம்பியைக் கட்டுவதற்கு ஒரு கிழமை முன்னரே என் காதில் அதைப் போட்டுவிட்டார்கள். பரமேஸ் அக்காவின் தங்கை இப்போது இங்கே பக்கத்தில் கர்க்லாண்டில் இருக்கிறார். கோயிலில் நீங்கள் ஒரு பக்கம் இருந்தால் அவர் மற்றப் பக்கம் போவார். எல்லோரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

என்னிடம் ஒரே ஒரு முறை நீங்களாகவே சொன்னீர்கள். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். "நான் தூக்கினனான் சறோ. உயிர் போகுமட்டும் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். வேறையொண்டும் எனக்குத் தெரியாது." நான் "அதெல்லாம் பழைய கதை மச்சாள், விடுங்கோ" என்றேன். எவ்வளவு நல்லவள் போலச் சொன்னேன்! நம்புகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

என் மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு நினைவிருக்கிறதா? நீங்கள் பெண்ணின் மாமி. நகையெடுத்துப் போட்டுவிடுகிற முறை உங்களுடையது. நகை வைத்திருந்த அறையைப் பூட்டி, அந்தத் திறப்பை நான் என் வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்தியிடம் கொடுத்து வைத்தேன். நீங்கள் சீலையைச் சரிசெய்துகொண்டு மாடிக்கு வந்தீர்கள், கதவடியில் அவள் திறப்போடு நின்றாள். அவளைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "ஆ, சரி, நான் பந்தியைப் பாக்கிறன்" என்று இறங்கிப் போனீர்கள். அன்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகத்தான் சாப்பிட்டீர்கள். என்னோடு ஒரு சண்டை பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பிடிக்கவில்லையே நீங்கள்.

நீங்கள் போன பிறகு, முப்பத்தோராம் நாள் மலருக்கு உங்கள் வாழ்க்கைக் குறிப்பை எழுதினவளும் நான்தான். நம் வீட்டில் தமிழ் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பிறந்தது, படித்தது எல்லாம் விரிவாக எழுதினேன். அந்த நாளுக்கு வந்ததும் "இடப்பெயர்வின்போது பல இன்னல்களை அனுபவித்து" என்று எழுதி அப்படியே கனடாவுக்குத் தாவிவிட்டேன். எல்லா மலரிலும் இருக்கிற வரிதான், ஒருவருக்கும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது.

அந்த உறுத்தலில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உங்கள் அறைக்குப் போனேன். இந்த முறை லாப்பில் நான் தலையில் மாட்டுகிற பெருக்குக் கண்ணாடியைக் கொண்டுபோனேன். அதை மாட்டிக்கொண்டு பெட்டியில் மூக்கு முட்ட நின்றேன். ஒரு சின்னப்பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்து தாயின் பின்னால் ஒளிந்தது. உங்களோடு மாறி மாறிக் காவல் நின்ற ஹெயிட்டிக்காரர் கிட்ட வந்தார். "மதாம் தவாவின் ஆளா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்படியென்றால் ஆறுதலாக, நேரமெடுத்துப் பாருங்கள்" என்று தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

பார்த்தேன் மச்சாள். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

நான் இருபத்திரண்டு வருடமாகப் பல் வார்க்கிறவள். முதலில் பல்லை மெழுகில் செய்வோம். அதைச் சுற்றி வார்ப்பு மாவைக் கரைத்து ஊற்றி இறுகவிட்டு அடுப்பில் வைப்போம். மெழுகு உருகிப் போய்விடும், அது விட்ட இடத்துக்குள் உருக்கிய உலோகத்தை விடுவோம். அந்தத் தகடுகளும் இப்படித்தான் செய்தவை. சூடு கொஞ்சம் அவசரப்பட்டு ஏறினால் அச்சு வெடித்துவிடும். வெடிப்புக்குள் உலோகம் ஓடிப்போய் உறைந்து, மெல்லிய தகடாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மீன் செட்டை மாதிரி. வார்த்தவர் பிறகு அதை அராவி எடுத்துவிட வேண்டும். நான் எத்தனை ஆயிரம் செட்டையை அராவியிருப்பேன்!

அவன் கையில் இருந்தது அந்தச் செட்டைதான். கத்தி என்றால் கையோடு நிற்கும். இது கையைத் தாண்டிப் பின்னால் நிற்கிற குதிரையின் காலிலும் ஏறி, ஓரம்வரை ஒரே கோடாக மயிரளவில் போகிறது. பிடி இல்லை. விரல்களும் எதையும் பொத்திப் பிடிக்கவில்லை, விரிந்து, விழுந்தவனின் உடம்போடு ஒட்டிக் கிடக்கின்றன. கத்தி என்று ஒன்று அந்தத் தகட்டில் இருந்ததே இல்லை.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஒரு நாள் என் கண்ணாடியை மறக்காமல் கொண்டுவந்திருந்தால் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே இதைக் கேட்டிருப்பீர்கள். கண்ணாடியின்மேல் பழியைப் போடுவதும் சரியில்லை. நான் பார்க்க விரும்பவில்லை.

அன்றே முடிவெடுத்தேன், அந்த வரியை மாற்றாமல் விடுவதில்லை என்று. அபி பிரெஞ்சைத் திருத்தித் தர நூதனசாலைக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். மூன்றாவதுக்கு "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது. "மாமி, இது அவை எல்லாருக்கும் அனுப்பிற பதில், விடுங்கோ" என்றாள் அபி. நான் விடவில்லை. லாப்பில் வெடித்த அச்சில் வார்த்த ஒரு பல்லை, செட்டையை அராவாமல், படமெடுத்து, தகட்டின் படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். இரண்டு நாளில் வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அந்த அறைக்குப் பொறுப்பான பெண் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு கியூபெக்காரி. மரியாதையான பிள்ளை. கையுறை போட்டுத் தகட்டை வெளியே எடுத்துத் திருப்பினார். அந்தக் கோடு ஓரத்தில் மடிந்து பின்பக்கத்திலும் ஏறியிருந்தது.

"இதை வார்த்தவர் அராவி எடுத்திருக்க வேண்டுமே?" என்று கேட்டார்.

"வேலை குவிந்த நாளில் நாங்களும் தவறவிடுகிறோம், மதாம். பல் என்றால் ஆள் கத்துவார். இது கத்தவில்லை" என்றேன்.

சிரித்துவிட்டு எழும்பிப் போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். அதற்குள் பார்வையாளர்கள் கருத்து எழுதிப்போடுகிற சீட்டுகள், பதினொன்று. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒன்றிலும் பெயர் இல்லை. "ஏழாம் தகடு. அவன் தூக்குகிறான்." பிழை பிழையான பிரெஞ்சில் பதினொரு தரம். "யாரென்று தெரியாது, ஆனால் எறிய மனம் வரவில்லை" என்றார் அவர்.

காவலாளி கருத்துச் சீட்டு எழுதக்கூடாது என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். பெயரைப் போடாமல் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரிப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். நான் அந்தப் பிள்ளைக்கு முன்னால் அழுதேன் மச்சாள். "இது உங்கள் இரண்டாம் மாடியில் நின்ற மதாம் தவா" என்று சொன்னேன். அவருக்கு உங்களை நன்றாகத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லியிருக்கிறாராம்.

ஒரே மூல அச்சில் பல மெழுகு எடுத்துப் பல தகடு வார்ப்பார்களாம். இத்தாலியில் இதே காட்சி இன்னொன்று இருக்கிறதென்று அறிந்து அவர் அங்கே எழுதிப் படம் கேட்டார். ஆறு கிழமை கழித்துப் படம் வந்தது, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அது தேயாத தகடு, விரலெல்லாம் தெளிவாக இருக்கிறது. கத்தி இல்லை. அவனுடைய இரண்டு கையும் விழுந்தவனின் கமக்கட்டுக்குள்ளால் போய் நெஞ்சை அணைத்திருக்கின்றன. முகத்தைத் திருப்பி வாயைத் திறந்து யாரையோ துணைக்குக் கூப்பிடுகிறான். ஒரு முழங்கால் நிலத்தில்.

புதிய வரிக்கு அவர் எழுதி வைத்திருந்ததையும் காட்டினார். "ஒருவேளை, காயப்பட்ட தோழனைத் தூக்கும் வீரன்." படித்தவர்கள் அவதானமாகத்தான் எழுதுவார்களாம்.

நான் கேட்டேன்: "மதாம், அவன் குத்துகிறான் என்று எழுதினபோது 'ஒருவேளை' என்று போட்டீர்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "இல்லை. நீங்கள் சொல்வது சரி. இந்த வரிகளை முடிவுசெய்யும் குழுவிடம் திரும்பக் கொண்டுபோகிறேன்" என்றார். குழு இன்னும் கூடவில்லை. கூடும்வரை மாதம் ஒரு கடிதம் போகும். உங்கள் பதினொரு சீட்டுக்குக் குறையாமல் எழுதுவேன்.

திரும்பி வரும்போது மெத்ரோவில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையிடம் எவ்வளவு ரோசமாகக் கேட்டேன்! உங்கள் விஷயத்தில் நான் இருபத்தேழு வருடம் அந்த 'ஒருவேளை'யோடுதானே இருந்தேன்? எடுத்திருக்கமாட்டா, ஆனாலும் ஒருவேளை. பாவம் அந்தக் காலம், பசி, ஒருவேளை. உங்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டே, என் பிள்ளைகளை உங்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே, அந்த ஒருவேளையையும் வைத்திருந்தேன். நீங்கள் அதைத் தெரிந்துகொண்டே இவ்வளவும் செய்தீர்கள்.

இந்த மலரில் இதை எழுதப்போகிறேன் என்றதும் உங்கள் பெரியண்ணை போனெடுத்தார். "சறோ, செத்தவளின்ரை பேரை ஏன் திரும்பச் சந்திக்கு இழுக்கிறீர்?"

"சந்தியிலை விட்டது நாங்கள்தானே அத்தான். நாங்கள்தான் கூட்டிக்கொண்டு வரவேணும்."

"சனம் என்ன சொல்லும்?"

"சொல்லுறதை அவை எப்பவோ சொல்லி முடிச்சிட்டினம். இனி நான் சொல்லுறன்."

அவர் போனை வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த உங்கள் தம்பி டிவியை நிறுத்தினார். "எழுதும்," என்றார். "நானும் ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. அதையும் எழுதும்." எழுதிவிட்டேன் மச்சாள்.

கொடி எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. அறுந்து விழுந்ததோ, பின்னால் வந்தவர்கள் எடுத்தார்களோ, யாருக்கும் தெரியப்போவதில்லை. வெண்கலத்துக்கு நான் செட்டையைக் காட்டினேன், இத்தாலியிலிருந்து படம் வந்தது. உங்களுக்கு அப்படி ஒன்றும் என்னிடம் இல்லை. தேடவும் மாட்டேன். நீங்கள் மரக்கறி வெட்டிக்கொண்டு சொன்னது போதும். அன்றைக்கே அது போதுமாக இருந்திருக்கவேண்டும்.

வாழ்க்கைக் குறிப்பில் அந்தப் பழைய வரியை வெட்டிவிட்டேன். இப்போது அங்கே இருப்பது இது: "ஷெல் விழுந்த வீதியில் எல்லோரும் ஓட, தவமணி திரும்பிப் போய்க் காயப்பட்ட பரமேஸ்வரியைத் தூக்கி மதகின் கீழே சேர்த்தார்." 'ஒருவேளை' போடவில்லை.

ஒரு வாக்கும் தருகிறேன். மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை நானே கர்க்லாண்டுக்குக் கொண்டுபோவேன். பரமேஸ் அக்காவின் தங்கை கதவைச் சாத்தினால் அடுத்த ஞாயிறும் போவேன், அதற்கடுத்த ஞாயிறும் போவேன். போவது அவரோடு வழக்குப் பேச அல்ல. இத்தனை வருடமும் அவர் கொடியைப் பற்றி மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறார். அவருடைய அக்கா அந்த மதகடியில் தனியாகச் சாகவில்லை, உயிர் போகும்வரை ஒருத்தி கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்பதை அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. நான் போய்ச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உங்களை நம்பப் பிந்திப்போன
உங்கள் மச்சாள்,
சறோ
மொன்ட்ரியால்